பழைய லப்டொப் வாங்கப் போறீங்களா?

தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடையால் வன்னிக்குப் பற்றரி வராத நேரம், சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் றேடியோ கேட்ட சனம் நாங்கள். கந்தபுரம், அக்கராயன் பக்கத்துப் பெரியவர்களைக் கேட்டால் கதை கதையாய்ச் சொல்வார்கள். அப்படிப்பட்ட நாங்கள் இன்று லப்டொப் வாங்கும்போது பற்றரியைப் பற்றி ஒரு கேள்விகூடக் கேட்பதில்லை!

பாவித்த லப்டொப் என்றால், விண்டோஸில் 'பற்றரி ரிப்போர்ட்' எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். புதிதில் எவ்வளவு கொள்ளளவு, இப்போது நிறையச் சார்ஜ் ஏற்றினால் எவ்வளவு என்று இரண்டு இலக்கமும் அதில் இருக்கும். பாதிக்குக் கீழே என்றால் புதுப் பற்றரிக் காசை விலையில் கழிக்கச் சொல்லிப் பேரம் பேசலாம்.

பழைய ஹாட் டிஸ்க் உள்ளதா? அதைக் கழற்றி எஸ்.எஸ்.டி. போடுங்கள். ராம் கூட்டுவதைவிட இதில்தான் வேகம் சட்டென்று தெரியும் என்பது என் கட்சி. விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14உடன் முடிந்துவிட்டது. 11 ஏறுமா என்றும் கேளுங்கள். ஏறாவிட்டால் லினக்ஸ் மின்ட் போடலாம், காசும் இல்லை.

பாவித்த போன் என்றால், நட்சத்திரம், ஹாஷ், 06, ஹாஷ் அழுத்துங்கள். வருகிற 15 இலக்க ஐ.எம்.ஈ.ஐ. எண்ணும் பெட்டியில் உள்ளதும் ஒன்றா என்று பார்த்த பிறகு காசை எண்ணுங்கள்.