ஒரு வேசத்துக்கு ரெண்டு பேர்

(நாடகப் பயிலரங்கு ஒன்றின் கடைசி நாளில் பேசியதன் எழுத்து வடிவம்)



மூணு நாளா உங்க ஒத்திகையைப் பார்த்துக்கிட்டு இருக்கேன். நேற்று சாயந்திரம் வேசம் பிரிச்சப்போ ஒரு தங்கச்சி எழுந்து கேட்டது: "ஒரு வேசத்துக்கு எதுக்கு ரெண்டு பேரு? நான் ஆடுறதா, அவ ஆடுறதா? யாரு ஒரிஜினல், யாரு ஸ்பேர்?" எல்லாரும் சிரிச்சீங்க. எனக்குச் சிரிப்பு வரலை. ஏன்னா நான் ரெண்டாவது செட்டில் ஆடினவ. அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத்தான் இப்போ நிற்கிறேன்.

1990-91இல் அம்பேத்கர் நூற்றாண்டையொட்டி சேரிகளில் மன்றமும் படிப்பகமும் கலைக்குழுவுமாக ஒரு எழுச்சி வந்தது. அந்தச் சூட்டில் பிறந்த குழுக்களில் ஒன்று எங்களோடது. நடவு நடுறவங்க, செங்கல் சூளைக்குப் போறவங்க, காலேஜ் படிக்கிற பசங்க, கூடவே ஆதிக்கசாதியில் பிறந்து நம்ம அரசியலை ஏற்றுக்கொண்டு வந்த நாலைந்து தோழர்கள். ஊர்ச் சாவுக்கு இனிமே பறையடிக்க மாட்டேன் என்று சொல்லிவிட்ட ஒரு வெட்டியானின் கதையை நாடகமாக்கினோம். முக்கால் மணி நேரம் ஓடும். வெட்டியான், அவன் பெண்டாட்டி, நாட்டாண்மை, நாட்டாண்மை பெண்டாட்டி, ஊர்க்காரங்க ரெண்டு பேர், கட்டியங்காரன். இவ்வளவுதான்.

ஒவ்வொரு வேசத்துக்கும் ரெண்டு பேரைத் தயார் செய்தோம். அதுக்குப் பின்னாடி அப்போ பெரிய தத்துவம் ஒன்றும் கிடையாது, வயிற்றுப்பாடுதான். நடவுக் காலத்தில் ஒருநாள் கூலி போனா அன்னைக்கு அடுப்பெரியாது. சூளையில் முன்பணம் வாங்கினவன் நினைச்ச நேரத்துக்கு வர முடியாது. ஒருத்தன் மேல வழக்கு இருக்கும், ஆட்டம் நடக்கிற அன்னைக்குத்தான் வாய்தா வரும். பொம்பளைங்க கதை வேற. புருசன் விடணும், மாமியார் விடணும், பிள்ளைக்குக் காய்ச்சல் வராம இருக்கணும். ஒரே ஒருத்தரை நம்பி ஒரு வேசத்தை விட்டா நாடகம் படுத்துடும்.

இது புதுசும் இல்லை. நம்ம ஸ்பெஷல் நாடகத்தை எடுத்துக்குங்க. சங்கரதாஸ் சுவாமிகள் பாட்டைப் படித்த வள்ளி ஒரு ஊரிலிருந்து வருவாங்க, முருகன் இன்னொரு ஊரிலிருந்து வருவாரு. அன்னைக்கு ராத்திரி மேடையில்தான் சந்திப்பாங்க, விடிய விடிய ஆடுவாங்க. வள்ளி வேசம் எந்த ஒரு நடிகைக்கும் சொத்தாக இருந்ததில்லை. பிரேசிலில் அகஸ்டோ போவால் குழு 1965இல் ஜும்பியைப் பற்றி ஒரு நாடகம் போட்டது. தப்பி ஓடிய கறுப்பு அடிமைகள் பால்மாரெஸ் என்ற இடத்தில் கட்டிய சுதந்திரக் குடியிருப்பின் தலைவன் ஜும்பி. 1695இல் கொல்லப்பட்டான். அந்த நாடகத்தில் எல்லா நடிகரும் எல்லா வேசத்தையும் மாறி மாறி ஆடினாங்க. வெள்ளை எசமான் வேசமும் அடிமை வேசமும் கை மாறிக்கொண்டே இருந்தன.

1989 ஜனவரி 1ஆம் தேதி சாகிபாபாத் பக்கத்தில் 'ஹல்லா போல்' தெரு நாடகம் நடந்துகொண்டிருந்தபோது சப்தர் ஹாஷ்மியைத் தாக்கினாங்க. மறுநாள் இறந்துட்டாரு. ராம் பகதூர் என்ற தொழிலாளியும் கொல்லப்பட்டாரு. ஜனவரி 4ஆம் தேதி, சப்தரின் துணைவியார் மொலொயஸ்ரீயும் குழுவினரும் அதே இடத்துக்குத் திரும்பிப் போய் அந்த நாடகத்தை ஆடி முடிச்சாங்க. ஆளை அடிச்சா நாடகம் நிக்கும்னு நினைக்கிறவனுக்கு அதுதான் பதில்.

இதுவரைக்கும் சொன்னது சுலபமான பகுதி. இனி எங்க குழுவுக்குள்ள நடந்ததைச் சொல்றேன்.

முதல் செட்டில் வெட்டியானாக ஆடியவர் ஒரு ஆசிரியர். ஆதிக்கசாதியில் பிறந்தவர், நல்ல தோழர், அதில் சந்தேகம் இல்லை. ரெண்டாவது செட்டில் வெட்டியானாக ஆடியவன் எங்க தெருப் பையன். அவங்க தாத்தா நிஜமாகவே ஊருக்கு வெட்டியான் வேலை பார்த்தவரு. ஆசிரியர் ஆடி முடிச்சதும் டவுன்காரங்க கையைப் பிடிச்சுக்கிட்டு, "எப்பேர்ப்பட்ட நடிப்பு! உங்களை மறந்தே போயிட்டோம்" என்று கண் கலங்குவாங்க. எங்க பையன் ஆடி முடிச்சா முதுகில் தட்டி, "ரொம்ப இயல்பா இருந்துச்சு தம்பி" என்பாங்க. கவனிங்க. அவருக்கு நடிப்பு, இவனுக்கு இயல்பு. அந்தப் பையன் ரெண்டு மாசம் ராத்திரி ராத்திரி ஒத்திகை பார்த்தவன். தோளைக் குறுக்கி நிற்கிறதை உடம்புக்குப் பழக்கிக்கிட்டவன். அவனுக்கு அப்படி நிற்கத் தெரியாது தோழர்களே! அவன் நிமிர்ந்து நடக்கிற தலைமுறை. குனியிறதைத் தாத்தாக்கிட்ட கேட்டுக் கத்துக்கிட்டான். அந்த உழைப்பைத்தான் 'இயல்பு' என்ற ஒரு சொல்லில் துடைச்சுப் போட்டாங்க. பிறப்பைப் பார்க்கிற கண்ணுக்கு நம்ம திறமை தெரியாது.

அடுத்தது ஊரில் நடந்தது. ரெண்டாவது செட்டில் நாட்டாண்மையாக ஆடியவர் சூளையில் கல் அறுக்கிற அண்ணன். ஒரு ஊரில் சேரி முனையில் ஆட்டம் போட்டோம். ஊர்த் தெருக்காரங்களும் தூரத்தில் நின்னு பார்த்தாங்க. கதையில் அவங்களைத் திட்டுகிற வசனம் நிறைய இருந்தது. அதுக்கெல்லாம் அவங்க அசையலை. அண்ணன் தோளில் துண்டோடு நாற்காலியில் கால் மேல் கால் போட்டு உட்கார்ந்தாரு பாருங்க, அப்போ கல் வந்து விழுந்தது. எங்களைத் திட்டிக்கிறீங்களா, திட்டிக்குங்க, எங்க நாற்காலியில் உட்காராதே! இதே காட்சியை முதல் செட்டு இன்னொரு ஊரில் ஆடினப்போ ஒரு சின்னக் கல் கூட விழலை. உட்கார்ந்தவர் அவங்க ஆளாச்சே.

அன்னைக்குத்தான் எங்களுக்கு ஒரு விசயம் உறைச்சுது. சாதி என்பதும் ஒரு வேசப் பிரிப்புதான். நாடகத்தில் ஒரு வேசத்தை ரெண்டு பேர் ஆடலாம். சாதியில் மாற்று ஆள் கிடையாது. இன்னார் வயிற்றில் பிறந்தா இன்ன வேசம், சாகிறவரைக்கும் கலைக்க முடியாது. சாதி உழைப்பை மட்டும் பிரிக்கலை, உழைக்கிறவங்களையும் பிரிச்சு வெச்சிருக்குன்னு 1936லேயே பாபாசாகேப் எழுதிட்டாரு. புத்தகத்தில் படிச்சப்போ எனக்கு அது தலையில் ஏறலை. கல் விழுந்தப்போ ஏறுச்சு. ஒரு வேசத்தில் இன்னொரு ஆளை உட்கார வைக்கிறதே அவங்களுக்குக் கலகம்.

மூணாவது என் கதை. நான் வெட்டியான் பெண்டாட்டியாக ஆடினவ. முதல் செட்டில் நாட்டாண்மை பெண்டாட்டியாக ஆடியவங்க ஆதிக்கசாதித் தோழி. எனக்கு அக்கா மாதிரி, அவங்க வீட்டில் சாப்பிட்டிருக்கேன். ஒருநாள் வேசத்தை மாற்றி ஒத்திகை பார்க்கலாம்னு முடிவு பண்ணினோம். நாட்டாண்மை பெண்டாட்டி சாதிப் பேரைச் சொல்லித் திட்டுற ஒரு வசனம் உண்டு. எனக்கு வாய் வரலை. மூணு தடவை முயற்சி பண்ணி நாக்கு ஒட்டிக்கிச்சு. எங்கம்மாவை அந்தச் சொல்லால் கூப்பிட்டதைக் கேட்டு வளர்ந்தவ நான்.

"எப்படிச் சொல்லணும்னு காட்டுங்கக்கா" என்றேன். அவங்க சொன்னாங்க. ஒரே தடவையில், தடுமாறாமல், சரியான ராகத்தோட. கொட்டகையே அமைதியாகிடுச்சு. அவங்களுக்கே தூக்கிவாரிப் போட்டது. உட்கார்ந்து அழுதாங்க. "இதை நான் ஒத்திகையில் கத்துக்கலைடி, எங்க பாட்டிகிட்ட கத்துக்கிட்டேன்" என்றாங்க. அப்புறம் அவங்க என் வேசத்தைப் போட்டு அந்த வசவை வாங்கிக்கிட்டு நின்னாங்க. நான் பத்து நாள் கழிச்சு அந்த வசனத்தைச் சொன்னேன். சொல்லும்போது எனக்கு வெறுப்பு வரலை. ஒரு மனுசியை மனுசியாகப் பார்க்காமல் இருக்க எவ்வளவு பழகணும் என்பது புரிஞ்சது. ஒரே வேசத்தை ஆளுக்கொரு பக்கத்திலிருந்து பார்க்காமல் இருந்திருந்தா எங்க ரெண்டு பேருக்கும் இது கிடைச்சிருக்காது.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லணும். ரெண்டு செட்டு என்று வைத்தாலே சமத்துவம் வந்துடாது. எங்களில் என்ன நடந்தது? டவுன் மண்டபம், பத்திரிகைக்காரங்க, போட்டோ எல்லாம் முதல் செட்டுக்கு. மழைச் சேறு, பெட்ரோமாக்ஸ் வெளிச்சம், கல்லடி எல்லாம் எங்களுக்கு. யாரும் திட்டம் போட்டுச் செய்யலை. "அவங்களுக்கு உச்சரிப்பு நல்லா இருக்கு", "இவங்க சேரி சனத்தோடு ஒட்டுவாங்க" என்று நல்ல எண்ணத்தில்தான் பிரிச்சாங்க. நல்ல எண்ணத்திலேயே ஊரும் சேரியும் குழுவுக்குள்ள வந்து உட்கார்ந்துடுச்சு. சூளை அண்ணன்தான் ஒருநாள் கேட்டாரு: "நம்ம நாடகத்துக்குள்ளேயே ரெட்டை டம்ளரா?" யாருக்கும் பதில் இல்லை. அன்னைக்கிலிருந்து சீட்டுக் குலுக்கினோம். எந்த ஊருக்கு எந்தச் செட்டு, யார் எந்த வேசம், எல்லாம் சீட்டில். கொஞ்ச நாளில் செட்டு என்ற பேச்சே போயிடுச்சு.

தம்பிங்களா, நீங்க இன்னைக்கு இங்கிருந்து குழுவாகப் போறீங்க. பட்டதிலிருந்து சிலது சொல்றேன். ரெண்டு பேரும் ஒரே நாளில், ஒருத்தர் கண்ணெதிரே இன்னொருத்தர் ஒத்திகை பாருங்க. தனித்தனியாகப் பார்த்தா ரெண்டு நாடகமாகிடும். எங்கே நிற்கணும், எப்போ திரும்பணும் என்பது ரெண்டு பேருக்கும் ஒன்றாக இருக்கட்டும். குரலும் உடம்பும் அவரவருடையதாக இருக்கட்டும். இன்னொருத்தியைக் காப்பி அடிக்காதீங்க. இந்த வெட்டியானோடு அந்த நாட்டாண்மையும் ஆடிப் பழகணும், கலந்து கலந்து. நோட்டீசில் ரெண்டு பேர் பேரையும் ஒரே எழுத்தில் போடுங்க. ஆட்டம் இல்லாத நாளில் சும்மா இருக்காதீங்க. கூட்டத்துக்குள்ள போய் உட்கார்ந்து, எந்த இடத்தில் சனம் சிரிக்குது, எந்த இடத்தில் முகத்தைத் திருப்பிக்குது என்று பார்த்து வந்து மற்றவருக்குச் சொல்லுங்க. கூலியை விட்டுட்டு வர்றவருக்கு அந்தக் கூலியைக் குழு கொடுக்கணும். சாதி வசவு பேசுறவரையும் வாங்குறவரையும் ஆட்டம் முடிஞ்சதும் தனியாக விடாதீங்க. சேர்ந்து உட்கார்ந்து டீ குடிங்க, பேசுங்க.

அந்தத் தங்கச்சி கேட்டதுக்கு வர்றேன். யாரு ஒரிஜினல், யாரு ஸ்பேர்? ஒரிஜினல் என்று யாரும் இல்லைம்மா. அந்த வேசம் உனக்கும் சொந்தமில்லை, அவளுக்கும் சொந்தமில்லை. நீ ஆடுற அன்னைக்கு அவ உனக்கு முன்னால் சனத்தோடு உட்கார்ந்திருப்பா. உனக்கு வசனம் மறந்தா அவ வாய் அசையும், அதைப் பார்த்துப் பிடிச்சுக்கோ. நாங்க அப்படித்தான் ஆடினோம்.

நேரமாச்சு, பஸ்ஸு போயிடும். சீட்டை எழுதுங்க, குலுக்கலாம். ஜெய்பீம்.