வண்டியின் பெயரில் நிற்கும் பாக்கி



கல்கத்தாவுக்கு மாற்றலாகி வந்த புதிதில் ஒரு தமிழன்பர், சாலைச் சந்திப்பில் தம்மை நிறுத்திய வெள்ளுடைச் சார்ஜண்டிடம், தமக்குத் தெரிந்த வங்காளியையெல்லாம் திரட்டி, “என் அபராதம் எவ்வளவு?” என்று கேட்டாராம். சார்ஜண்ட் ஒரு கணம் திகைத்துப் பின்னர் வாய்விட்டுச் சிரித்துவிட்டார். வங்காளியில் அச்சொல்லுக்குக் குற்றம் என்று பொருள். நாம் கட்டுகிற தொகைக்கு அங்கே ‘ஜரிமானா’ என்று பெயர். “என் குற்றம் எவ்வளவு?” என்று ஒருவர் வலிய வந்து கேட்டால் எந்தச் சார்ஜண்டுதான் சிரிக்கமாட்டார்!

மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட எனக்கு இவ்வகைச் சொற்களில் ஒரு தனி ஆசை உண்டு. ‘சலான்’ என்ற சொல்லையே பாருங்கள். நம் ஊரில் வங்கியிலும் கருவூலத்திலும் பணம் கட்டும்போது எழுதிக் கொடுக்கும் சீட்டுக்குச் சலான் என்று பெயர். ஆகவே போக்குவரத்துச் சலான் என்று கேள்விப்பட்டதும், எல்லாம் முடிந்துவிட்டது, பணம் கட்டுவதொன்றே பாக்கி என்று எண்ணிவிடுகிறோம். சட்டப்படி அது ஒரு குற்றச்சாட்டு. ஒப்புக்கொண்டு தொகையைக் கட்டலாம். மறுத்து நீதிமன்றத்தில் வழக்காடலாம். இந்த இரண்டில் ஒன்றைச் செய்யாத வரையில் அது பதிவேட்டில் நின்றுகொண்டே இருக்கும். யாருடைய பெயரில் என்றால், ஏறக்குறைய வண்டியின் பெயரில்.

இதை நான் நேரில் உணர்ந்தது, லேக் மார்க்கெட்டை ஒட்டி எங்கள் தெருவுக்கு அடுத்த சந்தில் குடியிருந்த ஓர் அம்மையாரால். அவருடைய கணவர் மத்திய அரசு உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்று, சில ஆண்டுகளில் காலமானவர். அம்மையார் கோயம்புத்தூரில் உள்ள மகளிடம் போய்ச் சேர்ந்துவிட முடிவு செய்து, கணவர் ஆசையாக வைத்திருந்த காரை விற்க முனைந்தார். வாங்க வந்தவர் விலையும் பேசி முடித்துவிட்டார். பிறகு கைப்பேசியை எடுத்து எதையோ தட்டிப் பார்த்து, “இதன் பேரில் ஏழு கேஸ் நிற்கிறதே, மாஸிமா” என்று சொல்லி எழுந்து போய்விட்டார். அன்று மாலை ஒரு துணிப்பை நிறையக் காகிதங்களுடன் அம்மையார் எங்கள் வீட்டுக்கு வந்தார். “நாற்பது வருஷம் அரசாங்கத்துக்கு உழைத்தவர், தம்பி. ஒருவருக்கும் ஒரு காசு பாக்கி வைக்காதவர். அவர் பேரில் ஏழு கேஸ் என்கிறானே” என்றார். பணத்தைப் பற்றி அவர் ஒன்றும் கேட்கவில்லை.

பையில் சார்ஜண்ட் கையால் எழுதிக் கொடுத்த பழைய சீட்டு ஒன்று இருந்தது. அதிலிருந்த வழக்கு எண்ணைக் கொண்டு மகள் தேடிப் பார்த்து, அப்படி ஒரு பதிவே இல்லை என்று சொல்லிவிட்டாளாம். சீட்டை வாங்கிப் பார்த்ததும் காரணம் விளங்கியது. வங்காளி எழுத்தில் நான்கு என்ற இலக்கம், நாம் எழுதும் எட்டைப் போலவே இருக்கும். ஏழு என்பது ஒன்பதைப் போலத் தோன்றும். மகள் நான்கை எல்லாம் எட்டாகப் படித்திருந்தாள். இவ்வூர்க் கடைச்சீட்டிலும் மருந்துச் சீட்டிலும்கூட இந்த இரண்டு இலக்கங்களை ஒருமுறைக்கு இருமுறை பார்த்துக்கொள்ளுதல் நலம்.

சீட்டு இல்லாதவரும் தேடலாம். மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் ‘பரிவாகன்’ தளத்தில் மின்சலான் பகுதி இருக்கிறது. வண்டி எண்ணையும், ஆர்.சி. புத்தகத்தில் உள்ள சேசிஸ் எண் அல்லது எஞ்சின் எண்ணின் கடைசி ஐந்து இலக்கங்களையும் கொடுத்தால் நிலுவை தெரியவரும். ஓட்டுநர் உரிம எண்ணைக் கொண்டும் பார்க்கலாம். அத்துடன் நின்றுவிடாமல், கல்கத்தாப் போக்குவரத்துக் காவல்துறையின் பதிவையும் தனியே பார்க்க வேண்டும். ஒன்றில் காணாதது மற்றொன்றில் இருக்கக்கூடும். பழைய வழக்குகளில் இது பெரிதும் நேர்வதுண்டு. கணினி பழகாதவர்கள், லால்பஜார் தலைமையகத்திலோ, நகரெங்கும் உள்ள டிராஃபிக் கார்டு அலுவலகங்களிலோ நேரில் சென்று கேட்கலாம்.

ஏழு பதிவுகளையும் நாள்வாரியாக ஒரு தாளில் எழுதினேன். ஆறு இந்நகரத்தில் நிகழ்ந்தவை. ஏழாவது, வேறோர் ஊர் நெடுஞ்சாலையில் மிகுவேகம் என்று கண்டிருந்தது. ஆறில் பெரும்பாலானவை ஒருவழிச் சாலையில் எதிர்த்திசையில் சென்றவை. நம்மவர் பலர் தடுமாறும் இடம் இது. கல்கத்தாவில் சில சாலைகள் முற்பகலில் ஒரு திசையிலும் பிற்பகலில் எதிர்த்திசையிலும் ஒருவழியாகும். காலையில் சரியாகச் சென்ற அதே வழியில் மாலையிலும் சென்றால் குற்றம்!

இவற்றில் ஒன்றேனும் அவருக்குத் தெரியாமற்போனது எப்படி? வண்டியை நிறுத்தாமலே சார்ஜண்ட் எண்ணைக் குறித்துக்கொண்டு வழக்குப் பதிவு செய்யும் முறை இங்கே நெடுநாளாக உண்டு. ‘சைட்டேஷன் கேஸ்’ என்று சொல்வார்கள். இப்போது அதே வேலையைக் காமிராவும் செய்கிறது. அறிவிப்பு, ஆர்.சி. புத்தகத்தில் உள்ள முகவரிக்கும் தொலைபேசி எண்ணுக்கும்தான் போகும். அம்மையாரின் கணவர் புத்தகத்தில் கொடுத்திருந்தது, ஓய்வு பெற்ற மாதமே காலி செய்த அரசுக் குடியிருப்பு. தொலைபேசி எண்ணும் அப்போதே கைமாறிப் போயிற்று. முகவரி மாறிய 30 நாட்களுக்குள் பதிவு அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 49ஆம் பிரிவு சொல்கிறது. மாற்றலிலேயே வாழ்நாளைக் கழிக்கும் நம்மில் எத்தனை பேர் அதைச் செய்கிறோம்? நானே செய்திருக்கவில்லை. அம்மையாருக்கு வேலை பார்த்த பிறகுதான் என் ஸ்கூட்டருக்குச் செய்தேன்.

பழைய பாக்கிகளைத் தீர்க்க ஒரு நல்ல வாய்ப்பும் முன்பு வந்து போயிருக்கிறது. 2018 டிசம்பர் முதல் தேதியிலிருந்து 2019 ஜனவரி 14 வரை கட்டுவோருக்கு 65 விழுக்காடும், அதன்பின் ஒரு மாதம் வரை கட்டுவோருக்கு 50 விழுக்காடும் கல்கத்தாக் காவல்துறை தள்ளுபடி செய்தது. அந்த விளம்பரத்தைக் கணவர் செய்தித்தாளில் படித்தது அம்மையாருக்கு நினைவிருக்கிறது. “நமக்கு ஏது பாக்கி?” என்று சொல்லித் தாளை மடித்து வைத்துவிட்டாராம்.

தொகைகள் ஒன்றுக்கொன்று பொருந்தாமல் இருந்ததும் அம்மையாருக்கு ஐயமாயிருந்தது. அதற்கும் காரணம் உண்டு. 2019 செப்டம்பர் முதல் தேதி நாட்டில் அமலுக்கு வந்த உயர்ந்த அபராத விகிதங்களை மேற்கு வங்கம் உடனே ஏற்கவில்லை. 2022 ஜனவரியில்தான் இங்கே தொகைகள் உயர்ந்தன. ஹெல்மெட் அணியாமைக்கு 100 ரூபாயாக இருந்தது 1000 ரூபாய் ஆயிற்று. ஆகவே பதிவின் தேதியைப் பார்த்தே தொகை சரியா என்று சொல்ல முடியும்.

அந்த ஆறையும் அம்மையார் ஒவ்வொன்றாகத் தேதி பார்த்து ஒப்புக்கொண்டார். “இது எனக்குக் கண் அறுவை நடந்த நாள். ஆஸ்பத்திரி வாசலில் நிறுத்தினார்.” “இது பேத்தியின் ஆண்டு நிறைவு. ஹௌராவில் ரயிலைப் பிடிக்க ஓடினோம்.” ஏழாவதற்கு வந்தபோது உறுதியாகத் தலையசைத்தார். “இந்த ஊருக்கு நாங்கள் போனதே இல்லை, தம்பி. இதை நான் கட்டமாட்டேன்.” அந்தச் சலானோடு இருந்த படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தோம். அதில் இருந்தது ஒரு லாரி. எண்ணில் ஒரு இலக்கம் மாறிப் பதிவாகியிருந்தது.

காமிராவைக் கொண்டு தொடரும் வழக்குகளில், நிகழ்ந்த 15 நாட்களுக்குள் அறிவிப்பு அனுப்ப வேண்டும், படச்சான்றும் இருத்தல் வேண்டும் என்று 2021 ஆகஸ்டில் விதி செய்திருக்கிறார்கள். ஆகவே கட்டுவதற்கு முன் படத்தைப் பாருங்கள். கட்டிவிட்டால் குற்றத்தை ஒப்புக்கொண்டதாகும். நாங்கள் ஆறுக்குரிய தொகையையும் 200ஆம் பிரிவின்படி சமரசத் தொகையாகச் செலுத்தி ரசீது பெற்றோம். ஏழாவதற்கு, தளத்திலேயே உள்ள முறையீட்டுப் பகுதியில் ஆர்.சி. நகலையும் காரின் புகைப்படத்தையும் இணைத்து எழுதினோம். சில வாரங்களில் அது நீங்கியது. நீங்கியிராவிட்டால் நீதிமன்றத்தில்தான் மறுத்துரைக்க வேண்டியிருக்கும். நீதிமன்றம் சென்ற சிறு வழக்குகளைத் தேசிய லோக் அதாலத்திலும் முடித்துக்கொள்ளலாம். ஆனால் அங்கே ஏற்பட்ட முடிவுக்கு அப்பீல் இல்லை என்பதை அறிந்து செல்ல வேண்டும். குடித்துவிட்டு ஓட்டியது போன்ற குற்றங்களுக்கு 200ஆம் பிரிவின் சமரசம் கிடையாது.

தமிழ்நாட்டுப் பதிவு எண்ணோடு இங்கே வண்டி ஓட்டும் அன்பர்களுக்கு ஒரு வார்த்தை. பன்னிரண்டு மாதத்துக்கு மேல் வேறு மாநிலத்தில் வண்டியை வைத்திருந்தால், அம்மாநில எண்ணுக்கு மாற்றிக்கொள்ள வேண்டும் என்பது 47ஆம் பிரிவு. மாற்றாமல் இருக்கும்போது இங்கே ஏற்படும் அறிவிப்பு மயிலாப்பூரிலோ மதுரையிலோ உள்ள பழைய வீட்டுக்குப் போகும். மாற்றலின்போது வண்டியை விற்றுவிட்டு, கையெழுத்திட்ட காகிதத்தை வாங்கியவரிடம் கொடுத்து ரயிலேறுவோர் இன்னும் கவனமாயிருக்க வேண்டும். அதே மாநிலத்துக்குள் என்றால் 14 நாட்களுக்குள்ளும், வெளி மாநிலப் பதிவானால் 45 நாட்களுக்குள்ளும், விற்பனையை விற்றவரே தெரிவிக்க வேண்டும். பதிவேட்டில் பெயர் உள்ளவரே உரிமையாளர் என்று, ஒரு விபத்து நஷ்டஈட்டு வழக்கில் உச்ச நீதிமன்றம் 2018இல் தீர்ப்பளித்திருக்கிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ‘உங்கள் வண்டிக்குச் சலான் வந்துள்ளது, இதைத் திறந்து பாருங்கள்’ என்று கைப்பேசிக்கு வரும் செய்திகளில் மோசடிகள் பல. அவற்றைத் தொடவே வேண்டாம். செய்தியை மூடிவிட்டு, அரசாங்கத் தளத்துக்கு நீங்களாகச் சென்று வண்டி எண்ணைக் கொடுத்துப் பாருங்கள். உண்மைச் சலானானால் பெரும்பாலும் அங்கே இருக்கும்.

அம்மையாரின் காருக்குப் பெயர் மாற்ற வேலை எஞ்சியிருந்தது. உரிமையாளர் காலமானால் 30 நாட்களுக்குள் பதிவு அலுவலகத்துக்குத் தெரிவித்து, மூன்று மாதத்துக்குள் 31ஆம் படிவத்தில் விண்ணப்பிக்க வேண்டும். அது கடந்துவிட்டிருந்தது. தாமதத்துக்கு உரியதைக் கட்டி, பெல்தலா அலுவலகத்தில் அவர் பெயருக்கு மாற்றிய பின்பே விற்க முடிந்தது. 2021 முதல் ஆர்.சி. புத்தகத்தில் வாரிசு ஒருவரை முன்கூட்டியே குறிக்கும் வசதி வந்திருக்கிறது. கணவர் இருந்த காலத்தில் அதைச் செய்திருந்தால் இந்த அலைச்சலில் பாதி குறைந்திருக்கும்.

பணம் கட்டிய அன்று அம்மையார் என்னிடம் ஒன்று கேட்டார். ஆறு பதிவுகளில் கடைசியானது காமிரா எடுத்தது. ஓட்டுநர் ஆசனத்தில் அவர் கணவர், ஒரு முழங்கை வெளியே தெரிய அமர்ந்திருந்தார். “பணம் கட்டிவிட்டால் இந்தப் படம் போய்விடுமா, தம்பி?” என்றார். எனக்கு விடை தெரியவில்லை. ஆகவே கட்டுவதற்கு முன் அதை அச்செடுத்துக் கொடுத்தேன். அவர் அதை ரசீதுகளோடு வைக்காமல், தனியே ஓர் உறையில் இட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டார்.