பெயர் எழுதப்படாத பிணங்கள்

சயாம் என்கிற தாய்லாந்தில் காஞ்சனபுரி என்று ஓர் ஊர். 1942-43-ல் ஜப்பானிய ராணுவம் அவ்வழியே பர்மாவுக்கு 415 கிலோமீட்டர் ரயில் பாதை போட்டது. அந்த வேலையில் வெள்ளைக்காரப் போர்க்கைதிகள் சுமார் 12,000 பேர் மாண்டார்கள். மலேயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட தமிழர் முதலான கூலிகளோ அதைப்போல் பல மடங்கு மாண்டார்கள்.

சிப்பாய்களுக்கு அவ்வூர் மயானத்தில் சுமார் 7,000 கல்லறைகள், வரிசை வரிசையாக. கூலிகளுக்குச் சரியான கணக்குக்கூட இல்லை. ஏன்? சிப்பாய் பெயர் பட்டாளத்துப் பதிவேட்டில் இருந்தது. கூலியின் பெயரை எழுதிவைக்க எவனுக்கும் அக்கறையில்லை.

காலராவில் செத்தது தலைவிதி என்பார்கள். நல்ல தண்ணீரும் மருந்தும் கொடுக்காதது விதியா, மனிதனா என்று கேட்கிறோம். உங்கள் குடும்பத்தில் மலேயா போய்த் திரும்பாதவர் உண்டானால், அவர் பெயரை இன்றைக்கே எழுதி வையுங்கள்.