தெளிந்த நீரில் மறைந்த நஞ்சு



கிணற்று நீர் தெளிவாயிருந்தால் அது நல்ல நீரென்று எண்ணிவிடுகின்றோம். ஆயின் நீரிற் கரைந்த செம்பு, இரசம், நைத்திரேற்று என்பன சிறிய அளவினவாயின் கண்ணுக்கும் நாவுக்கும் புலப்படா. யாழ்ப்பாணக் குடாநாடு போன்ற சுண்ணக்கல் நிலத்திலோ, தோட்டத்தில் இட்ட பசளை மழைநீருடன் விரைவிற் கிணற்றைச் சென்றடையும்.

மறைந்த நஞ்சைக் காட்டும் வழிகளுள் ஒன்று ஒளிர்சாயமாகும். சில பொருள்கள் ஒருவகை ஒளியை ஏற்று, வேறு நிற ஒளியை வெளிவிடும். கொயினாக் கரைசல் ஊதாக்கடந்த ஒளியில் நீலமாக ஒளிர்வதை ஆராய்ந்து, இத்தன்மையை 1852 இல் ஸ்ரோக்ஸ் என்னும் அறிஞர் விளக்கினார்.

ரோடமீன் என்னும் சாயத்தின் ஒளியை அடக்கி வைக்கும் முறையொன்று உண்டு. அடக்கப்பட்ட சாயம் பூட்டிய கதவை ஒக்கும். செம்பு அதனைத் திறக்கும் திறப்பாகும். செம்பு சேர்ந்ததும் நிறமற்ற கரைசல் சிவந்து ஒளிரும். இம்முறை 1997 இல் வெளியிடப்பட்டது. இரசத்தைக் காட்டும் சாயங்களும் பின்னர் ஆக்கப்பட்டன. சில சாயங்கள் உயிருள்ள கலத்தினுட் புகுந்து, நஞ்சு எங்கே தங்கியுள்ளதென்பதை நுணுக்குக்காட்டியிற் காட்டும்.

எனினும் ஒரு சாயம் எல்லா நஞ்சையும் காட்டாது. செம்பைக் காட்டுஞ் சாயம் ஒளிராவிடின் செம்பு குறைவென்பதே பொருள், நீர் தூயதென்பதன்று. ஆகையால் எதனைத் தேடுகின்றோமோ அதற்குரிய சோதனையையே செய்வித்தல் வேண்டும்.

குடிநீரில் நைத்திரேற்று ஒரு லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேற்படலாகாதென உலக சுகாதார நிறுவனம் கூறுகின்றது. மிகுந்த நைத்திரேற்றுள்ள நீரிற் கரைத்த பால்மா, கைக்குழந்தையின் இரத்தம் பிராணவாயுவைச் சுமக்கும் ஆற்றலைக் கெடுக்கும். நீரைக் கொதிக்கவைத்தால் நைத்திரேற்று நீங்காது; நீர் வற்ற வற்ற அதன் செறிவு கூடும்.

ஆகவே பின்வருவனவற்றைக் கடைப்பிடியுங்கள்:

1. தெளிகருவியைக் கிணற்றடியிலோ வாய்க்காலிலோ கழுவாதீர்கள்.

2. வெறுமையான மருந்துப் போத்தலை மும்முறை அலசி, அந்நீரைத் தெளிகருவியிலேயே ஊற்றிப் பயிருக்குத் தெளியுங்கள்.

3. யூரியாவை ஒரேயடியாக இடாது, பயிரின் பருவமறிந்து பகுதி பகுதியாக இடுங்கள். பெருமழைக்கு முன் இடாதீர்கள்.

4. விவசாயப் போதனாசிரியரைக் கலந்து, குடிநீர்க் கிணற்றின் நீரை ஆய்வுகூடத்திற் சோதிப்பியுங்கள்.

நஞ்சைக் காட்டுவது சாயத்தின் வேலை. அதனைக் கிணற்றிற் சேரவிடாது காப்பது நம் வேலையாகும்.