கையின் கோடும் கருவியின் திரையும்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



கவிஞர் கூடிய அவையில் கணினிக் கருவி பற்றிய உரைக்கு என்ன இடம் என்று சிலர் எண்ணக்கூடும். கவிதைத் தொகுப்பு ஒன்று அச்சேறும்போது அதற்கு முகப்பு வரைவோர் யார், அவர் கையில் இருப்பது எது என்னும் வினாக்கள் எழுகின்றன. தூரிகையும் மைப்பேனாவும் இருந்த இடத்தில் இன்று எழுதுதிரை வந்து அமர்ந்துள்ளது. திரையின்மீதே பேனாவை ஊன்றி வரையத்தக்க கருவி அது. கடைகளில் ‘பென் டிஸ்ப்ளே’ என்பர். அதன் விலை சில பத்தாயிரம் ரூபாயில் தொடங்கி இலட்சத்தைக் கடந்தும் செல்கிறது. மேலூரிலிருந்தோ உசிலம்பட்டியிலிருந்தோ மதுரைக்கு வந்து வாழ முயலும் இளம் ஓவியர்க்கு அது பெரும்பாலும் கடன்பட்டு வாங்கும் பொருளாகவே அமையும். தவறாகத் தேர்ந்தால் பணமும் போகும். கையில் இருந்த கோடும் போகும். ஆதலின் எதனை அளவுகோலாகக் கொண்டு தேர்வது என்பது ஈண்டு ஆராயத்தக்கது.

பாறையும் ஓலையும்

இவ்வினாவிற்கு விடை தேட மதுரையைச் சுற்றியுள்ள குன்றுகளே போதுமானவை. மாங்குளத்துக் குகைத்தளத்தில் தமிழி எழுத்துகள் வெட்டப்பட்டுள்ளன. கிறித்து பிறப்பதற்கு முன்னைய நூற்றாண்டுகளைச் சேர்ந்த அவ்வெழுத்துகளில் நேர்கோடும் கோணமும் மிகுதி. கீழடியில் கிடைத்த பானை ஓடுகளின்மேல் கூரிய முனையால் கீறிய எழுத்துகளிலும் அத்தகைய கோடுகளைக் காணலாம்.

யானைமலைக்கு வருவோம். அங்குள்ள நரசிங்கப்பெருமாள் குடைவரையில் கி.பி. 770ஆம் ஆண்டைச் சார்ந்த கல்வெட்டு உள்ளது. அதன் தமிழ்ப் பகுதி வட்டெழுத்தில் அமைந்தது. எழுத்துகள் வளைந்தும் சுழித்தும் செல்கின்றன. இரண்டும் பாறையே, இரண்டும் உளியே. வடிவம் மாறியது எவ்வாறு? பனையோலையில் எழுத்தாணியால் எழுதிப் பழகிய கை, நார் வழியே நீளும் நேர்கோட்டைத் தவிர்க்கும். தவிர்க்காவிடில் ஓலை பிளக்கும். அவ்வாறு பழகிய கையின் வளைவே பாறைக்கும் சென்றது எனலாம். எளிதில் வளையாத கல்லும் பழகிய கையின் கோட்டிற்கு வழிவிட்டது.

இதற்கு மாறான நிகழ்ச்சியும் உண்டு. மெய்யெழுத்திற்குப் புள்ளி வேண்டும் என்பது தொல்காப்பியர் கால மரபு. ஆயினும் ஓலை துளைபடும் என்னும் அச்சத்தால் ஏடு எழுதுவோர் பெரும்பாலும் புள்ளியை விட்டுவிட்டனர். அச்சுக்கலை பரவிய பின்னரே புள்ளி தன் இடத்தை உறுதியாகப் பெற்றது. இடைப்பட்ட காலத்து ஏடுகளைப் படித்துப் பதிப்பித்தவர்கள் இக்குறையால் பட்ட இடர் தமிழறிஞர் அறிந்ததே.

ஆக, கருவி இருவகைப்படும்: கையின் கோட்டிற்கு வழிவிடும் கருவி ஒன்று, கோட்டில் ஒரு பகுதியைத் தின்றுவிடும் கருவி மற்றொன்று. எழுதுதிரையைத் தேர்வோர் முதற்கண் கேட்க வேண்டிய வினா, தம் கோட்டில் எதனை இக்கருவி தின்னும் என்பதே.

கண்ணும் கையும்

திரையில் பேனாவால் வரையும் முயற்சி புதியதன்று. 1963இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. நிறுவனத்தில் ஐவன் சதர்லாண்ட் ஒளிப்பேனாவால் திரைமேல் வடிவங்களை வரைந்து காட்டினார். 1983இல் ஜப்பானில் தோன்றிய வாக்கம் நிறுவனம், மின்கலம் வேண்டாத பேனாவைப் பரப்பியது. 2001 முதல் ‘சின்டிக்’ என்னும் பெயரில் எழுதுதிரைகளை விற்றது. இன்று ஹுயான், எக்ஸ்பி-பென் போன்ற சீன நிறுவனங்கள் குறைந்த விலையில் தருகின்றன.

ஆயினும் எழுதுதிரை அனைவர்க்கும் வேண்டுவதன்று. வெறும் வரைபலகை சில ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கிறது. அதில் கை கீழே பலகையில் வரையும். கண் எதிரே கணினித் திரையை நோக்கும். இப்பிரிவிற்குப் பலர் சில வாரங்களில் பழகிவிடுகின்றனர். வண்ணம் நிரப்புவோர்க்கும் புகைப்படம் திருத்துவோர்க்கும் அதுவே போதும். பேனா முனையைக் கண் விடாது பின்தொடர வேண்டிய வேலைகள் வேறு: தமிழ் எழுத்தோவியம், முகத்தின் நுண்கோடுகள், கோபுரத்தின் சுதைச் சிற்பம். இவற்றிற்கே எழுதுதிரை உரியது.

மதுரையின் கோபுரங்களையும் தெருக்களையும் மைப்பேனாவால் தீட்டியவர் மனோகர் தேவதாஸ் (1936–2022). விழித்திரை நோயால் பார்வை குன்றிவந்த காலத்தும் அவர் நுண்கோட்டோவியங்களைக் கைவிடவில்லை. கருவி எளிய பேனாவே; கோடு அவருடையது. மதுரையில் பிறந்த மற்றோர் ஓவியர் டிராட்ஸ்கி மருது. தமிழ் இதழ்களுக்கும் நூல்களுக்கும் தூரிகையால் வரைந்த அவர், கணினிவழி ஓவியத்தையும் தமிழில் முன்னெடுத்தார். கருவி மாறினும் கோட்டைக் கண்டு அவரை அறியலாம். கோடு முன்னரே உருவாகியிருந்தமையே இதற்குக் காரணம்.

எண்களும் சோதனைகளும்

விற்பனைச் சீட்டில் முதலில் கண்ணிற் படுவது அழுத்த நிலைகளின் எண்ணிக்கை: 8192, 16384 என்று அச்சிடுவர். கையால் இவ்விரண்டின் வேறுபாட்டை உணர்தல் அரிது. பேனா எவ்வளவு மெல்லத் தொட்டாலும் கோடு தோன்றுகிறதா என்பதே பயன்தரும் சோதனை. ழகரத்தை ஒரே இழுப்பில் எழுதிப் பார்க்க வேண்டும். தொடக்கத்தின் மென்மையும் நடுவின் தடிப்பும் இறுதிச் சுழியின் மெலிவும் அவ்வாறே திரையில் தோன்றினால் அக்கருவி கைக்கு வழிவிடுகிறது எனக் கொள்ளலாம்.

அடுத்து, திரைமேல் அளவுகோலைச் சாய்த்து வைத்து மிக மெதுவாக ஒரு கோடு இழுக்க வேண்டும். தரம் குன்றிய கருவியில் அக்கோடு நெளிந்து காணப்படும். பேனா முனைக்கும் தோன்றும் கோட்டிற்கும் இடையே விலகல் உண்டா என்பதைத் திரையின் நடுவில் மட்டுமன்றி நான்கு மூலைகளிலும் பார்த்தல் நன்று. கண்ணாடியும் திரையும் இடைவெளியின்றி ஒட்டப்பட்டிருப்பின் இவ்விலகல் குறையும். வழவழப்பான கண்ணாடியில் பேனா வழுக்கும்; சற்றே சொரசொரப்பான பரப்பு தாளின் உணர்வைத் தரும்; ஆனால் பேனா முனை விரைவில் தேயும். மாற்று முனைகள் உள்ளூரில் கிடைக்குமா என்று முன்கூட்டியே கேட்க வேண்டும்.

திரையின் அளவு கையின் அசைவைப் பொறுத்தது. மணிக்கட்டால் வரைவோர்க்கு 13 அங்குலம் போதும். முழங்கையை அசைத்து வரைவோர்க்கு 16 அங்குலம் இசையும். தோளிலிருந்து கோடிழுத்துப் பழகிய சுவரெழுத்துக் கலைஞர்க்கு 22 அங்குலத்திற்குக் குறைந்தால் கை கட்டுண்டது போலாகும்.

அச்சுக்கு வரைவோர் அறிய வேண்டிய செய்தி ஒன்றுண்டு. ஏ4 தாளில் அங்குலத்திற்கு 300 புள்ளி வீதம் அச்சிட 2480க்கு 3508 புள்ளிகள் கொண்ட படம் வேண்டும். 1920க்கு 1080 புள்ளித் திரையிலும் இதனை வரையலாம். உருப்பெருக்கிப் பகுதி பகுதியாக வரைதலே வேண்டுவது. வண்ணத்தில்தான் எச்சரிக்கை தேவை. திரையில் ஒளிரும் பச்சையும் நீலமும் சிவகாசி அச்சகத்தின் நான்கு மைகளில் மங்கி வெளிப்படும். மாதிரிப்படி ஒன்று அச்சிட்டுப் பார்ப்பது விலையுயர்ந்த திரையினும் பெரிய காவல்.

எழுதுதிரை பெரும்பாலும் தானே கணினியாகாது. கணினியோடு இணைக்கப்பட வேண்டும். கணினியின் இணைப்புத்துளை படத்தை அனுப்பவல்லதா எனப் பார்க்காது வாங்கிவிட்டுப் பின்னர் வருந்துவோர் உளர். சித்திரை வெயிலில் திரை சூடேறும்; மின்தடை நேரின் வரைந்தது அழியும். ஆகவே மின்சேமிப்புக் கருவியின் விலையையும் கணக்கிற் சேர்த்தல் வேண்டும். மென்பொருளுக்குச் செலவின்றி ‘கிரிதா’ இலவசமாகவே கிடைக்கிறது.

முகப்பும் கவிஞரும்

மதுரையின் சுவர்களில் ஒருகாலத்தில் கையால் எழுதிய தமிழ் நிறைந்திருந்தது. 2000ஆம் ஆண்டிற்குப் பின் பிளக்ஸ் பலகைகள் பெருகின. கணினியில் உள்ள ஆயத்த எழுத்துருக்கள் அவ்விடத்தைப் பிடித்தன. சுவரெழுத்துக் கலைஞர் பலர் வேறு தொழில் தேடினர். தந்தை சுவரில் எழுதிய எழுத்தை மகளோ மகனோ எழுதுதிரையில் எழுதினால் அக்கோடு பிளக்ஸிலும் நூல் முகப்பிலும் மீண்டும் வாழும். யானைமலையில் ஓலையின் வளைவு பாறைக்குச் சென்றது போன்றதே இதுவும். ஆனால் சுவரில் பழகாத கையும் தாளில் பழகாத கையும் எழுதுதிரையை வாங்கினால், மென்பொருளில் ஆயத்தமாக உள்ள தூரிகைகளே பேசும். எல்லா முகப்பும் ஒரே முகமாகும்.

ஆகவே இளம் ஓவியர்க்குக் கூறத்தக்கது இதுவே: ஓராண்டு தாளிலும் மையிலும் கோட்டைப் பழகுக; பின்னர் வரைபலகையில் தொடங்குக; வேலையே கேட்கும்போது எழுதுதிரைக்குச் செல்க; கடன் வாங்குமுன் பிறரிடம் உள்ள கருவியில் ஒருநாள் வரைந்து பார்க்க.

கவிஞர்க்கும் ஒரு கடன் உண்டு. தொகுப்பின் தலைப்பை ஆயத்த எழுத்துருவில் இட்டுவிடாது, ஓவியரின் கையால் எழுதித் தருமாறு கேட்க வேண்டும். அதற்குரிய ஊதியமும் தர வேண்டும். இவ்வட்டத்தின் அடுத்த பத்தாண்டில் வெளிவரும் நூல்களின் முகப்புகளை வரிசையாக அடுக்கினால், ஒவ்வொன்றிலும் ஒரு கையை அடையாளம் காணும் நிலை வருமாயின், வாங்கிய கருவிக்கும் பட்ட கடனுக்கும் பொருள் உண்டு.