ரேந்தை தந்த விடுதலை

ஆடையின் ஓரத்திலும் தலையணை உறையிலும் மேசை விரிப்பிலும் வைத்துத் தைக்கும் நுண்ணிய நூற்பின்னலை நம் குமரி மாவட்டத்தில் ‘ரேந்தை’ என்கிறோம். இது போர்த்துகீசிய மொழியிலிருந்து நமக்கு வந்த சொல். ‘ரெந்தா’ என்னும் அச்சொல்லுக்கு அம்மொழியில் இரண்டு பொருள்கள் உண்டு. ஒன்று இந்த நூற்பின்னல், மற்றொன்று வருமானம். நம் நாட்டில் இக்கலையைக் கொண்டு வாழ்ந்த பெண்களின் வரலாற்றை நோக்கினால், இவ்விரு பொருளும் ஒரு சொல்லில் கூடியிருப்பது எவ்வளவு பொருத்தம் என்பது புலனாகும்.

ரேந்தை பின்னுவது எப்படி? இறுக அடைத்த திண்டு ஒன்றின்மேல், துளையிட்டுச் சித்திரம் வகுத்த தடித்த தாளை விரித்து வைப்பார்கள். நூல் சுற்றிய சிறு மரக்கட்டைகள் இணை இணையாகத் தொங்கும். ஒரு நூலை மற்றொன்றின் குறுக்கே கடத்துவது ஓர் அசைவு. இரண்டையும் முறுக்குவது மற்றோர் அசைவு. இந்த இரண்டே அசைவுகளால் பூவும் கொடியும் வலையும் பிறக்கின்றன. பின்னல் நழுவாதபடி துளைதோறும் குண்டூசி குத்திக்கொண்டே போவார்கள். அகலமான வேலைக்கு நூறு கட்டைகளும் வேண்டியிருக்கும். அத்தனையையும் கண்ணிலும் கருத்திலும் வைத்திருக்கும் பெண்ணை எழுத்தறியாதவள் என்று எளிதாகக் கூறிவிடுகிறோம். கணக்கறியாதவள் என்று மட்டும் கூற இயலாது!

இத்தொழில் நாகர்கோவிலில் 1821-ஆம் ஆண்டில் தொடங்கிற்று. இலண்டன் மிஷனைச் சேர்ந்த சார்லஸ் மால்ட் என்பவரின் மனைவியார் மார்த்தா மால்ட் அம்மையார், தாம் நடத்திய பெண்பிள்ளைகள் விடுதிப் பள்ளியில் இதைக் கற்பித்தார். அப்போது திருவிதாங்கூரில் அடிமைமுறை நிலவியது. அப்பள்ளியில் பயின்றோருள் அடிமைகளாய்ப் பிறந்த பிள்ளைகளும் இருந்தனர். அவர்களிற் சிலர் ரேந்தை பின்னிப் பெற்ற கூலியைச் சேர்த்துத் தங்கள் விடுதலையை விலை கொடுத்து வாங்கினர். அந்நாட்டில் அடிமைமுறை சட்டப்படி முற்றும் ஒழிக்கப்பட்டது 1855-இல்தான். அரசு அளிப்பதற்கு முன்னரே அச்சிறுமியருக்கு நூலும் ஊசியும் விடுதலை அளித்துவிட்டன.

மற்றொன்றும் நினைக்கத் தக்கது. பிறர் ஆடையை அழகு செய்த அவர்களுடைய சமூகத்துப் பெண்கள், விரும்பியபடி மேலாடை அணியும் உரிமைக்காகப் போராட வேண்டியிருந்த காலம் அது. 1859 ஜூலையில் வெளிவந்த அரச விளம்பரமும் கட்டுப்பாடுகளுடனேயே அவ்வுரிமையை வழங்கியது.

இனி நமக்கு அண்மையிலுள்ள முளகுமூட்டுக்கு வருவோம். 1897-இல் பெல்ஜிய நாட்டின் ஈப்பர் நகர் மடத்திலிருந்து மரி லூயிஸ் தெ மீஸ்டர் என்னும் துறவி, ஆதரவற்ற குழந்தைகளைப் பேணும் பொருட்டு அங்கு வந்து சேர்ந்தார். ஈப்பர் ரேந்தைக்குப் பெயர் பெற்ற ஊர். அவர் நிறுவிய சபையின் அரவணைப்பில் முளகுமூட்டில் ரேந்தையும் பூத்தையலும் வளர்ந்தன. கற்றவர்கள் திருமணமாகிச் சென்ற ஊர்களுக்கெல்லாம் கலையும் உடன் சென்றது. பிற்பகலில் திண்ணையில் நாலைந்து பெண்கள் கூடுவர். புதிய மாதிரி ஒருத்தியிடமிருந்து மற்றொருத்திக்குப் போகும். ஊர்ச் செய்தியும், பிள்ளையின் காய்ச்சலும், கூலியின் ஏற்றத் தாழ்வும் அங்கேயே பேசப்படும். என்னிடம் படித்த மாணவர் பலருக்கு நோட்டுப் புத்தகம் வாங்கியது இந்தத் திண்ணைப் பணந்தான். வீட்டுக் கணக்கில் அது எழுதப்படுவதில்லை. ஆனால் வீடு அதனால் நடந்தது.

கைத்தொழிலை வீழ்த்தியது இயந்திரம் என்று பொதுவாகச் சொல்வோம். ஆங்கிலேயராகிய ஜான் ஹீத்கோட் 1809-இலேயே வலைப்பின்னல் நெய்யும் இயந்திரத்துக்கு உரிமம் பெற்றார். அதாவது, இயந்திரம் வந்து பன்னிரண்டு ஆண்டுகள் கழிந்த பின்னரே நாகர்கோவிலில் கைத்தொழில் தொடங்கிற்று. தொடங்கி ஓங்கியும் வளர்ந்தது. ஆகையால் இயந்திரத்தை மட்டும் குறை கூறுதல் முறையன்று. இத்தொழிலை மெலியச் செய்வது வேறொன்று. அது ‘பொழுதுபோக்கு’ என்னும் ஒரு சொல்.

ஆந்திர மாநிலத்து நர்சாபூரில் ரேந்தை பின்னும் பெண்களைப் பற்றி மரியா மீஸ் என்னும் ஜெர்மானிய அறிஞர் ஆராய்ந்து, 1982-இல் நூல் ஒன்று வெளியிட்டார். நாள்தோறும் பல மணி நேரம் உழைத்த அப்பெண்களை யாரும் தொழிலாளர் என்று கருதவில்லை. வீட்டில் சும்மா இருப்பவர்கள் ஓய்வில் செய்யும் வேலை என்றே கருதினர். அதனால் கூலி குறைந்தது. ஊதியம் வணிகரிடம் தங்கியது. நர்சாபூர் ரேந்தைக்கு 2024-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. பெயருக்குக் காப்பு கிடைத்தது நன்றே. பின்னிய விரலுக்கும் காப்பு வேண்டாமா?

இன்று நம் பெண்கள் தையற்பொறியில் பூவேலை செய்கிறார்கள். மணப்பெண்ணின் ரவிக்கைக்கு ஆரி வேலை செய்கிறார்கள். கருவி மாறியது, பேச்சு மாறவில்லை. “வீட்டில் இருந்துதானே செய்கிறாய், குறைத்துக் கொடு” என்கிறோம். தச்சரிடமும் கொத்தரிடமும் நாம் அவ்வாறு பேசுவதில்லை.

நேயர்களே, இரண்டு செயல்களை வேண்டுகிறேன். வேலை செய்யும் சகோதரிகள், செலவிட்ட மணி நேரத்தையும் நூலின் விலையையும் ஒரு சிறு ஏட்டில் நாள்தோறும் குறித்து வைக்க வேண்டும். எழுதப்பட்ட உழைப்பை மறுப்பது கடினம். வாங்குவோர், விலை பேசுமுன் இது எத்தனை நாள் வேலை என்று கேட்க வேண்டும். அந்த விடையை அறிந்த பின் பேரம் பேச எவருக்கும் நா எழாது.

அன்று அச்சிறுமியரை விடுவித்தது பின்னலின் அழகு மட்டுமன்று. அந்த அழகுக்கு உரிய கூலி அவர்கள் கையிலேயே சேர்ந்தது. அழகைப் புகழ்ந்து கூலியை மறப்போமானால், ரேந்தை என்னும் சொல்லின் பாதிப் பொருளை நாம் இழந்தவர்கள் ஆவோம்.