தேளின் வாலில் இரண்டு

கண்ணின் கூர்மையைச் சோதிக்க அருந்ததியைக் காட்டுவது நம் நாடுகளில் பழைய வழக்கம். அரேபியர் அதே வெள்ளியை ஸுஹா என்றழைத்து அதே சோதனையை வைத்தார்கள். அது வடவானில் இருப்பது. கல்முனையில் தோணி வைத்திருந்த எங்கள் வாப்பாவோ தென்வானைத்தான் நம்பினார்.

மே மாதத்து இரவொன்று. கடல் தகடு போலக் கிடந்தது. தென்கிழக்கே தேள் ஏறி வந்திருந்தது. செக்கச் சிவந்த கேட்டைக்குக் கீழே, வால் வளையத் தொடங்கும் இடத்தைக் காட்டி வாப்பா கேட்டார்:

"ஒண்டா, ரெண்டா?"

"ரெண்டு" என்றார் காக்கா. எனக்கு ஒன்றுகூடச் சரியாகத் தெரியவில்லை. ஆனாலும் "ரெண்டு" என்றேன். தோணியில் போகும் ஆசை.

"எது வெளிச்சம் கூட? மேல உள்ளதா, கீழ உள்ளதா?"

"கீழ."

வாப்பா சிரிக்கவில்லை. "ஒனக்குப் பள்ளிக்கூடம்தான் மனே" என்றார். அடுத்த மாதம் எனக்குக் கண்ணாடி வந்தது. காக்கா கடலுக்குப் போனார். என் படிப்புச் செலவில் பாதி அவர் பிடித்த மீன்.

படித்ததனால் பின்னாளில் சில விடயங்கள் அறிந்தேன். அந்த இரண்டுக்கும் நடுவே உள்ள இடைவெளி, முழுநிலவின் அகலத்தில் ஏறக்குறைய ஐந்திலொரு பங்கு. அருந்ததிக்கும் அதன் துணைக்கும் உள்ளதில் பாதிதான். தொலைவோ சுமார் 500 ஒளியாண்டுகள். வெளிச்சம் கூடியது முதலில் எழும். ஆகவே எழும் வேளையில் அதுதான் மேலே நிற்கும். அதுவும் ஒரு வெள்ளியல்ல. ஒன்றரை நாளுக்குள் ஒன்றையொன்று சுற்றிவரும் இரண்டு என்பதை 1896இல் ஸோலன் பெய்லி என்ற அமெரிக்கர் கண்டறிந்தார். இதைக் காக்காவிடம் சொன்னபோது, "அப்ப நான் சொன்னதும் புழைதான்" என்று வாய்விட்டுச் சிரித்தார்.

தஹித்தித் தீவிலே இந்த இரட்டைக்கு ஒரு கதை உண்டு. தாயும் தகப்பனும் இரவில் மீன்பிடித்து வந்து, பிள்ளைகளை எழுப்பாமலே சுட்டுத் தின்கிறார்கள். உறங்காமல் கிடந்த அண்ணனும் தங்கையும் மனமுடைந்து வானுக்கு ஓடிவிடுகிறார்கள். பெற்றோர் எவ்வளவு கூப்பிட்டும் திரும்பவில்லை. எங்கள் உம்மா இதைக் கேட்டிருந்தால் அந்தத் தாயை ஏசியிருப்பா. நடுச்சாமத்தில் வந்த மீனானாலும் எங்களை எழுப்பித்தான் தருவா.

2004 டிசம்பர் 26 காலை, காக்கா கரைக்கு வந்து வலையை உதறிக்கொண்டிருந்தார். அந்த நேரம் ஆழக்கடலில் நின்ற தோணிகளுக்கு அலை பெரிதாகத் தெரியவேயில்லை. அவர்கள் திரும்பி வந்தார்கள். அன்று மீன் கொஞ்சம் குறைவாகப் பட்டிருந்தால் காக்காவும் இன்னும் சற்று நேரம் வெளியிலேயே நின்றிருப்பார்.

சென்ற வருடம் எனக்குக் கண்ணில் வெண்படலம் நீக்கினார்கள். மே மாதம், காக்காவின் மகனைக் கூட்டிக்கொண்டு கரைக்குப் போனேன். தெருவிளக்குகளைத் தாண்டி இருட்டான இடம் தேட வெகுதூரம் நடக்க வேண்டியிருந்தது. வாலைத் தேடிப் பிடித்தேன்.

இரண்டு. மேலே உள்ளதுதான் வெளிச்சம் கூட.

"என்ன சாச்சா பாக்கிறீங்க?" என்றான் அவன்.

அவனையும் கேட்டேன்: "ஒண்டா, ரெண்டா?"